ஒரு மண்டலம், பத்து கேமரா: மலையடிவார ஊரில் ஆடு செத்த கதையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தின் மேற்கோரத்தில், மலை சட்டென்று எழும்பும் இடத்தில் இருக்கிற ஊர் இது. ஊரின் பெயரையும் ஓடையின் பெயரையும் விட்டுவிட்டேன். காரணம் நடுவில் தெரியும். கிழக்கே மக்காச்சோளமும் பருத்தியும். மேற்கே மாந்தோப்பு, தென்னந்தோப்பு. அதைத் தாண்டினால் காப்புக்காடு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது இந்த மலையும் அதற்குள் வந்தது. அதற்கு முன்பு சாம்பல் நிற அணில் சரணாலயம். எப்படிப் பார்த்தாலும் சிறுத்தை இங்கே புதிதாக வந்த விருந்தாளி இல்லை.

ஊர்ப்பேச்சு வேறு. "புலிகள் காப்பகம்னு பேரு வச்சுட்டு, எங்கயோ புடிச்சதையெல்லாம் இங்க கொண்டாந்து விட்டுட்டாக" என்று டீக்கடையில் ஒருவர் எங்களிடமே சொன்னார். பெரியவர்கள் சிறுத்தையையும் புலி என்றே சொல்லிப் பழகியவர்கள். அதனால் குழப்பம் இரட்டிப்பானது.

தை கடைசியில் தொடங்கி மாசி முடிவதற்குள் ஒன்பது ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் செத்திருந்தன. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வெளியூரில் இருந்தெல்லாம் சொந்தபந்தம் வந்திருந்த நேரம். அந்தக் கூட்டத்தில்தான் கூண்டு வைக்காவிட்டால் சாலை மறியல் என்று முடிவானது. நாங்கள் நான்கு பேர், வனத்துறை அனுமதியோடு அதே மலையில் மிளா என்கிற கடமான், காட்டுமாடு கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். கையில் தானியங்கி கேமராக்கள் இருந்தன. ஊரும் வனத்துறையும் எங்களைத் தேடி வந்தது அதற்காகத்தான்.

செத்த ஆட்டிடம் பார்த்தது

நாங்கள் முதலில் போன காலையில் ஒரு மூதாட்டியின் பட்டியில் வெள்ளாடு ஒன்று செத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு கடிபட்டு நின்றன. செத்ததின் பின்தொடையில் தாறுமாறான கிழிசல். ஒரு காது பாதிதான் இருந்தது. தொண்டையில் கடியே இல்லை. மூன்று ஆடுகளைக் கடித்தும் எதையும் உருப்படியாகத் தின்றிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியோரச் சேற்றில் தடங்கள் இருந்தன. ஒவ்வொரு விரலுக்கு முன்னாலும் புள்ளி வைத்ததுபோல நகக்குறி. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தடத்தில் நகம் விழாது.

நாய்தான் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நாய்னா குலைக்காதா தம்பி? நான் ராத்திரி பூரா முழிச்சுத்தான் கெடந்தேன்."

எங்களிடம் பதில் இல்லை.

ஐந்து நாள் கழித்து வேறொரு ஆடு. மேய்ச்சல் முடிந்து திரும்பும் பொழுதில் தோப்போரம் கடைசியாக வந்தது காணாமல் போயிருந்தது. இழுத்துப்போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் உடைமரப் புதருக்குள் கிடந்தது. தொண்டையில் ஆழமாக இரண்டு துளைகள். தோலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அப்படியென்றால் உயிரோடு இருக்கும்போது விழுந்த கடி. அடிவயிற்றைத் திறந்து தின்றிருந்தது. பக்கத்து மணலில் நகக்குறி இல்லாத வட்டத் தடம். இது சிறுத்தை.

ஆக ஊர் சொன்னதும் பாதி சரி, நாங்கள் நினைத்ததும் பாதி சரி. முதல் ஆட்டைப் பார்த்ததுமே 'எல்லாம் நாய்தான்' என்று எங்களுக்குள் தீர்மானித்துவிட்டதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுத்தைக்கு வக்காலத்து வாங்குகிற ஆசை கண்ணை மறைத்தது.

கூண்டா, கேமராவா

சிறுத்தை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பிடித்து வேறு காட்டில் விடுவதை ஊக்குவிப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பக்கம் அப்படிக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து இடம் மாற்றியதற்குப் பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. அதோடு ஒரு நல்ல இடம் காலியானால் அடுத்த சிறுத்தை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் சொன்னோம். யாரும் அசையவில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவருக்கு ஜுன்னர் எங்கே இருந்தால் என்ன? மாறாக ஒரு கேள்வி கேட்டோம்: "கூண்டுல ஒண்ணு விழுந்து, அடுத்த வாரமே இன்னொரு ஆடு செத்தா என்ன செய்வீங்க?" அதற்குக் கொஞ்சம் அமைதி வந்தது. கடைசியில் வழி சொன்னது நாங்கள் இல்லை, ஊர்ப் பெரியவர் ஒருவர். "ஒரு மண்டலம் பாப்போம். நாப்பத்தெட்டு நாள். அதுக்குமேல கூண்டு வச்சே ஆகணும்."

இரண்டு நிபந்தனைகள். இரவில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தோப்புப் பக்கம் சுற்றிவர வேண்டும். கேமராவில் எது விழுந்தாலும் முதலில் ஊருக்குக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினோம்.

கேமரா கட்டியது

இந்தக் கேமராவுக்குள் வெப்ப அசைவை உணரும் சென்சார் உண்டு. பின்னால் இருக்கும் மண், பாறையைவிட வேறு சூட்டில் ஒன்று குறுக்கே நகர்ந்தால் படம் எடுக்கும். சிறுத்தையின் உடம்பில் இருக்கும் கரும்புள்ளிக் கோலத்தைப் பூ என்போம். ஒவ்வொன்றின் பூவும் வேறு என்பதால் படத்தை வைத்து ஆளை அடையாளம் காணலாம். 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் வன உயிரின ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் புலிகளின் வரிகளைக் கொண்டு எண்ணிக்கை மதிப்பிட்ட முறைதான் சிறுத்தைக்கும். ஆனால் இடப்பக்கப் பூவும் வலப்பக்கப் பூவும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமரா வேண்டும்.

நான்கு ஜோடியை ஓடைப் பாதையிலும் மலையேறும் ஒற்றையடித் தடத்திலும் கட்டினோம். முழங்கால் உயரம், பாதையின் நடுவில் இருந்து எட்டுப் பத்தடி தள்ளி. ஜோடியில் ஒன்று மற்றதின் கண்ணுக்கு நேராக இருந்தால் ஒன்றின் ஃபிளாஷ் இன்னொன்றின் படத்தை வெளுத்துவிடும். அதனால் ஓரடி விலக்கிக் கட்ட வேண்டும். மீதி இரண்டைத் தனித்தனியாக, ஒன்றைப் பட்டிக்குப் போகும் வழியிலும் ஒன்றை ஓடைக்கரைக் குப்பைமேட்டிலும் வைத்தோம். குப்பைமேடு பற்றிச் சொன்னவர் ஆடு மேய்க்கும் ஒரு பையன். கறிக்கோழிக் கடைகளின் கழிவை மூட்டை கட்டி ராத்திரியில் அங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றான். எங்கள் வரைபடத்தில் அந்த இடமே இல்லை.

முதல் பதினைந்து நாள்

தவறுகளின் காலம். பங்குனி வெயிலில் பாறை உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. சென்சாருக்கு விலங்குக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நடுப்பகலில் எதிரே நாங்களே நடந்து பார்த்தும் படம் விழவில்லை. இன்னொன்றில் 2,100 படங்கள், எல்லாமே காற்றில் ஆடிய ஒரே கோரைப்புல். ஒரு கேமராவைத் திறந்தபோது பிள்ளையார் எறும்பு பேட்டரி இடுக்கெல்லாம் வெள்ளை முட்டையோடு குடியேறியிருந்தது. தட்டிவிட்டுத் துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவி மூடினோம். வேலை செய்தது.

கடிகாரக் கோளாறுதான் மோசம். பேட்டரி மாற்றும்போது ஒரு கேமராவின் தேதியும் மணியும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை. அதில் பகல் 12.40 மணிக்கு நாய்க் கூட்டம் போனதாக விழுந்தது, படமோ கும்மிருட்டு. அதற்குப் பிறகு கட்டும்போதும் கழற்றும்போதும் கைப்பேசியின் மணியைக் கேமராவுக்கு முன்னால் காட்டி ஒரு படம் எடுப்பது வழக்கமானது. முன்பே செய்திருக்க வேண்டியது.

இதைவிடப் பெரிய தவறு மனிதர்கள் சம்பந்தப்பட்டது. ஒரு ஜோடியை ஓடைத் தடத்தில் கட்டியிருந்தோம் அல்லவா, அது விடியற்காலையில் பெண்கள் ஒதுங்கப் போகும் வழி. நான்காம் நாள் ஃபிளாஷ் அடித்திருக்கிறது. அன்று காலை ஊருக்குள் நுழைந்தபோது யாரும் முகம் கொடுக்கவில்லை. விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு பயம்: படத்தைக் காட்டி அபராதம் போட்டுவிடுவார்களோ என்று. அன்றே அந்த ஜோடியைக் கழற்றினோம். மெமரி கார்டை எங்கள் குழுவில் இருந்த பெண், ஊர்ப் பெண்கள் மூன்று பேர் முன்னிலையில் திறந்து, ஆட்கள் இருந்த படங்களை அழித்தார். அடுத்த இடத்தை அவர்களே காட்டினார்கள். எங்கள் இடத்தைவிட அது நல்ல இடமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

படங்களில் வந்தது

முள்ளம்பன்றி, மரநாய், காட்டுப்பன்றி, ஒரு மிளாவின் பின்பாதி. நாய்கள் ஏராளம். நான்கு நாய்கள் சேர்ந்து போகும் கூட்டம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. செவலை ஒன்று முன்னால், அதற்கு ஒரு காது அறுந்திருந்தது. இரண்டின் கழுத்தில் பட்டை. தெருநாய் இல்லை, வளர்ப்பு நாய்கள்.

பதினெட்டாம் நாள் அதிகாலை 3.20 மணிக்குப் பட்டி வழியில் அந்த நாலும் போயிருக்கின்றன. தலை தாழ்ந்து, வால் நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக. அன்று காலை பட்டியில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. அந்த அம்மா அன்றும் குரைப்புச் சத்தம் கேட்கவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. வீட்டைக் காக்கிற நாய் குரைக்கும். வேட்டைக்குக் கிளம்பின நாய் எதற்குக் குரைக்கப் போகிறது?

குப்பைமேட்டுக் கேமராதான் முடிச்சை அவிழ்த்தது. இரவு கழிவு கொட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாய்கள் வருகின்றன. ஒரு நாள் நாய்கள் போய் நாற்பது நிமிடத்தில் சிறுத்தை வந்து அதே இடத்தை முகர்ந்துகொண்டு நின்றது. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. கழிவு நாயைக் கூட்டியது. நாய் சிறுத்தையைத் தோப்புவரை இறக்கியது. இறங்கின இடத்தில் ஆடும் இருந்தது.

எத்தனை சிறுத்தை? வலப்பக்கப் படங்களில் இரண்டு வெவ்வேறு சிறுத்தைகள். இடப்பக்கப் படங்களில் மூன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழுந்தது ஒரேயொரு பெண் சிறுத்தைக்குத்தான். ஐந்து என்று கூட்டக்கூடாது; குறைந்தது மூன்று என்று மட்டும் சொல்லலாம். அந்தப் பெண் சிறுத்தையின் பின்னால், இரண்டு படங்களில், முக்கால் வளர்ச்சியில் ஒரு குட்டி. ஓடையோரம் கூண்டு வைத்திருந்தால் முதலில் சிக்கியிருக்கக்கூடியவை இவை இரண்டில் ஒன்று.

படம் வெளியே போனது

இருபதாம் நாள் நடந்ததுதான் இந்த ஆய்வை எழுதவே காரணம்.

குப்பைமேட்டில் விழுந்த சிறுத்தைப் படம் மிகத் தெளிவு. எங்களில் வயதில் சிறியவர் அதைத் தன் நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெருமைதான், வேறு நோக்கம் இல்லை. இரவுக்குள் அது "மதுரையில் சிறுத்தை நடமாட்டம், உஷார்" என்ற வாசகத்தோடு ஊருக்கே திரும்பி வந்தது. படத்தின் அடியில் தேதி, மணி, நாங்கள் கேமராவுக்கு வைத்திருந்த இடப்பெயர் எல்லாம் அப்படியே இருந்தன. பின்னால் தெரிந்த மருதமரம் எது என்று சொல்ல உள்ளூர்க்காரருக்கு அரை நொடி போதும்.

மறுநாள் ஓடைக்கரையில் நாற்பது ஐம்பது பைக்குகள். வெளியூர்க் கூட்டம் ஒன்று வேட்டை நாய்களோடு வந்திருந்தது. காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவே பக்கத்து ஜோடியில் ஒரு கேமரா கார்டோடு திருட்டுப் போனது. அடுத்த பதினாறு நாள் எந்தக் கேமராவிலும் சிறுத்தை விழவில்லை.

எங்களுக்கு வலித்தது அதற்காக அல்ல. ஒரு மண்டலம் கொடுத்த அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி, உட்காரச் சொல்லாமல் கேட்டார்: "மொதல்ல எங்களுக்குத்தான காட்டுறேன்னீக?" இன்னொன்றும் நடந்தது. சிறுத்தையைக் காப்பாற்றுவதற்காக எடுத்த படமே சிறுத்தைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "இந்தா, படமே இருக்கு, கூண்டு வைங்க" என்றார்கள். சிறுத்தை அந்த வழியாகப் போனது என்றுதான் படம் சொல்கிறது. ஆட்டைப் பிடித்தது என்று சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊர்க்கூட்டம்

நாற்பத்தெட்டாம் நாள்வரை பொறுக்காமல் முப்பத்தைந்தாம் நாளே கூட்டம் கூட்டச் சொல்லிக் கேட்டோம். முதலில் மன்னிப்பு. பிறகு சமுதாயக்கூடச் சுவரில் வேட்டி கட்டிப் படங்களை வரிசையாக, எதையும் ஒதுக்காமல் போட்டோம். நாய்கள் வந்தபோது பின்வரிசையில் யாரோ, "அது நம்ம தோப்புக் காவல் நாய்ல்ல?" என்றார்கள். கூடம் அமைதியாகிவிட்டது. நாயின் சொந்தக்காரரும் அங்கேதான் இருந்தார். அந்தச் சூழ்நிலைக்கு நாங்கள் தயாராக வரவில்லை. அவரிடம் முன்பே தனியாகப் பேசியிருக்க வேண்டும்.

ஓர் இளைஞர் எழுந்தார்: "நாய் அந்த வழியா போச்சுங்கிறதுக்குத்தான சார் படம் இருக்கு. கடிச்சதுக்கு எங்க இருக்கு?"

நாங்கள் சிறுத்தைக்காகச் சொன்ன அதே வாதம். மறுக்க வழியில்லை, மறுக்கவும் கூடாது. அதனால் படங்களை விட்டுவிட்டுச் செத்த ஆடுகளுக்குப் போனோம். அதுவரை நாங்கள் நேரில் பார்த்தவை ஏழு. நான்கில் பின்பக்கக் கிழிசல், நகத்தடம். இரண்டில் தொண்டைத் துளை, இழுத்த தடம். ஒன்று நரி, பன்றி எல்லாம் தின்று தீர்த்த பிறகு பார்த்தது, சொல்ல முடியாது. ஆட்டைப் பறிகொடுத்தவர்களையே எழுந்து தாங்கள் பார்த்ததைச் சொல்லச் சொன்னோம். அவர்கள் சொன்னது எடுபட்டது.

ஒரு சங்கடத்தையும் எழுத வேண்டும். சிறுத்தை அடித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். நாய் கடித்தால் கேட்க அப்போது அந்த ஊருக்கு இடமே இல்லை. நாங்கள் நாய் என்று சொல்லச் சொல்ல நாலு வீட்டுக்கு வரக்கூடிய பணம் போகிறது. சிறுத்தைதான் என்று அடித்துச் சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று எழுதுவது சுலபம், நியாயம் இல்லை.

கூண்டு கோரிக்கையை நிறுத்திவைக்க ஊர் ஒப்புக்கொண்டது. கைவிடவில்லை.

பின்பு நடந்தது

ஊராட்சி கழிவு கொட்டுவதற்குத் தடை போட்டது. இரண்டு முறை வண்டியைப் பிடித்து நிறுத்திய பிறகு பெரும்பாலும் நின்றது. இப்போதும் எப்போதாவது மூட்டை கிடக்கும். செவலை நாயும் கூட்டாளிகளும் இரவில் கட்டப்பட்டன. கருத்தடை முகாம் நடத்த எடுத்த முயற்சி நடக்கவில்லை.

ஐந்து பட்டிகளுக்குக் கம்பிவலை போட்டோம். பக்கச் சுவர் மட்டும் போதாது. சிறுத்தை தாண்டி உள்ளே விழும், ஆகவே மேலேயும் வலை. குட்டிகளைக் கொடாப்பு என்கிற கவிழ்த்த கூடைக்குள் அடைத்து மேலே கல் வைப்பது பழைய வழக்கம். விட்டிருந்தவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். மேய்ச்சலில் இருந்து பொழுது சாயும் முன்பே திரும்புவது என்று பேசிக்கொண்டார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகும் கூட்டம் மலையில் ஏறும் முன் கேமராக்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம்.

சித்திரை பாதி முதல் ஐப்பசி முடிய மூன்று ஆடுகள் செத்தன. இரண்டு நாய், ஒன்று சிறுத்தை. சிறுத்தை அடித்ததற்கு இழப்பீட்டு விண்ணப்பம் போனது. பணம் வர அடுத்த பொங்கல் ஆகிவிட்டது.

'நாய்னா குலைக்காதா' என்று கேட்ட அம்மாவின் பட்டிக்கும் வலை போடுவதாக இருந்தோம். நாங்கள் வலையோடு போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மீதி நாலு ஆட்டையும் திருமங்கலம் சந்தையில் விற்றுவிட்டார். அவர் வீடு பட்டியலில் கடைசியாக இருந்தது. முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.

இன்று செய்தால்

கேமரா கட்டும் முன்பே பெண்களோடு நடந்து தடங்களைக் கேட்டுக் குறிப்போம். ஆட்கள் விழும் படங்களை என்ன செய்வோம், யாருக்குத் தரமாட்டோம் என்பதை வனத்துறையோடு எழுத்தில் வைத்துக்கொள்வோம். கேமராவுக்கு ஊர்ப்பெயர் வைக்காமல் எண் மட்டும் வைப்போம். கார்டு ஒருவர் கையில்தான் இருக்கும். கைப்பேசியில் படமெடுப்பது கிடையாது. ஒதுங்கும் தடங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை ஃபிளாஷ் வேண்டாம், அகச்சிவப்பு போதும். இரவில் படம் கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் கலங்கி வரும், பூ அடையாளம் காண்பது சிரமம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆடு செத்த இரண்டு மணி நேரத்துக்குள் அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நரியும் காக்கையும் கை வைத்த பிறகு கடியை யாராலும் படிக்க முடியாது. ஆடு மேய்க்கும் மூன்று பேருக்குக் கடியை எப்படிப் பார்ப்பது, படமெடுக்கும்போது பக்கத்தில் அளவுக்குத் தீப்பெட்டியை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குப்பைமேட்டைக் காட்டிய பையன் அதில் ஒருவன். கால்நடை மருத்துவர் நேரில் வந்து சான்று தர வேண்டிய பகுதிக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. அவர் ஒருவர் பல ஊர்களைப் பார்க்கிறார்.